ஐநூறு யூனிட்டைத் தாண்டாத கரண்ட் பில்: ஸ்மார்ட் பிளக்கை வைத்து தினம் ஒரு யூனிட் பிடிப்பது எப்படி

2023 கோடையில் எங்கள் வீட்டு மீட்டர் இரண்டு மாதத்துக்கு 560 யூனிட் காட்டியது. ரீடிங் எடுக்க வந்தவர் அட்டையில் எழுதிக்கொண்டே, "அறுபதுல போச்சு சார்" என்றார். அவர் சொன்னது அப்போது புரியவில்லை. அவர் கிளம்பிய பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டதும்தான் வயிறு எரிந்தது.

விஷயம் இதுதான். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம் (அதற்குப் பிறகு கொஞ்சம் ஏறியது, ஆனால் நான் கட்டிய பில் இந்தக் கணக்கில்தான்). முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் நின்றால் அடுத்த 100க்கு யூனிட் 2.25 ரூபாய், அதற்கடுத்த 200க்கு 4.50, கடைசி 100க்கு 6 ரூபாய். ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய் என்பதோடு முடிவதில்லை, கீழே இருந்த அந்த 2.25 ரூபாய்ச் சலுகையும் போய் அந்த நூறும் 4.50க்கு ஏறிவிடும். எங்கள் 560க்கு வந்த பில் 2,430. அதாவது அந்தக் கடைசி அறுபது யூனிட்டுக்கு மட்டும் 705 ரூபாய், யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 12 ரூபாய்!

அறுபது நாளுக்கு அறுபது யூனிட். தினம் ஒரு யூனிட்டைப் பிடித்தால் போதும். வீட்டையே "ஸ்மார்ட்" ஆக்குகிறேன் என்று முப்பதாயிரம் நாற்பதாயிரம் கொட்ட வேண்டியதில்லை, அந்த ஒரு யூனிட் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். யூடியூபில் இதைப் பற்றித் தேடினால் வரும் வீடியோக்களில் பாதி குளிர்நாட்டு வீடுகளுக்கானவை. வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை வாங்கு, ராத்திரி கரண்ட் மலிவு, துணியை அப்போது துவை என்பார்கள். நம் வீட்டுக் கட்டண அட்டையில் பகல், ராத்திரி என்று பிரிவே கிடையாது. நடுராத்திரி வாஷிங் மெஷினை ஓடவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவதுதான் மிச்சம்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் மீட்டரைப் பாருங்கள்

இதற்குக் காசே வேண்டாம். மின்னணு மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை தடவை மின்னும் என்று மீட்டரின் முகத்திலேயே அச்சடித்திருப்பார்கள். எங்களுடையதில் 3200. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு விளக்கு, ஃபேன், ஏசி எல்லாவற்றையும் நிறுத்தி, ஃபிரிட்ஜையும் ஒரு பத்து நிமிஷம் அணைத்துவிட்டு, செல்போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு அந்த விளக்கின் முன்னால் நின்றேன். எல்லாம் அணைந்த வீட்டில் அது சும்மா இருக்க வேண்டும் அல்லவா? 22 வினாடிக்கு ஒரு தடவை மின்னியது. ஒரு மணி நேரத்தின் 3600 வினாடியை 22ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 164 மின்னல், அதை 3200ஆல் வகுத்தால் 0.051 யூனிட், அதாவது 51 வாட். யாரும் எதையும் உபயோகிக்காத நேரத்தில் வீடு 51 வாட் குடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாளைக்கு 1.2 யூனிட். நான் தேடிக்கொண்டிருந்த ஒரு யூனிட்டைவிட அதிகம்!

இதெல்லாம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் முதல் ஸ்மார்ட் பிளக் (சாக்கெட்டுக்கும் சாதனத்துக்கும் நடுவில் சொருகி, வைஃபை வழியாகச் செல்போனில் இயக்கும் பிளக்). வாங்கும்போது இரண்டே விஷயம் பாருங்கள்: மின்சாரத்தை அளந்து காட்டும் வசதி இருக்க வேண்டும் (சும்மா ஆன் ஆஃப் மட்டும் செய்யும் பிளக் இதற்கு உதவாது), 16 ஆம்பியர் தாங்க வேண்டும். விலை ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும். உங்கள் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸையும் ஒரே பெயரில் விடுகிறது என்றால் முதல் நாள் பிளக்கைச் சேர்ப்பதற்குள் உயிர் போய்விடும், அந்த ஐந்து நிமிஷத்துக்கு மட்டும் ரவுட்டர் செட்டிங்கில் 5ஐ அணைத்து வையுங்கள்.

ஒரே பிளக்கை வைத்துக்கொண்டு ஒரு வாரம் வீட்டைச் சுற்றி வந்தேன். டிவி மூலையில் இரண்டு நாள், இன்வெர்ட்டரில் ஒரு நாள், ஃபிரிட்ஜில் இரண்டு நாள், கீசரில் இரண்டு நாள். ஃபிரிட்ஜை அளக்க மட்டும்தான், ஆஃப் டைமர் எல்லாம் போட்டுப் பாலைத் திரிய விடாதீர்கள். ஒரு வாரத்தில் அந்த 51 வாட்டின் ஜாதகம் கைக்கு வந்துவிட்டது. ரிமோட்டில் அணைத்த டிவி, செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர் மூன்றும் சேர்ந்து 14. இன்வெர்ட்டர் 18. ரவுட்டர் 8. மீதி 11 வாட் மைக்ரோவேவின் கடிகாரம், வாஷிங் மெஷின், தண்ணீர் ஃபில்டர், ஆளில்லாமல் தொங்கும் சார்ஜர்கள் என்று சில்லறையாகப் போனது. இதில் எங்களுக்கு ஆச்சரியம் செட்டாப் பாக்ஸ்தான். ரிமோட்டில் அணைத்தால் முன்னால் இருக்கும் விளக்கு நிறம் மாறுகிறது, உள்ளே அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கிறது. கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும்.

டிவி மூலை

மூன்று சாதனத்தையும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி, அந்த பாக்ஸை ஸ்மார்ட் பிளக்கில் சொருகிவிட்டேன். ராத்திரி 11க்கு ஆஃப், சாயங்காலம் 5க்கு ஆன். காலையில் அம்மா பக்தி சேனல் பார்ப்பார் என்பதால் 6லிருந்து 7 வரையும் ஆன். அளந்ததில் தினம் கால் யூனிட் மிச்சம். சிறுதொகைதான், ஆனால் ஒரு தடவை போட்டுவிட்டால் அப்புறம் அதைப் பற்றி யாரும் நினைக்க வேண்டியதில்லை. ஒரு தொந்தரவு உண்டு: சில செட்டாப் பாக்ஸ்கள் கரண்ட் வந்து முழுதாக எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிஷம் எடுக்கும். அதனால் ஆன் நேரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் மெகா சீரியலின் முதல் காட்சி போய்விட்ட பழி உங்கள் தலையில் விழும்.

ரவுட்டரை மட்டும் டைமரில் போடாதீர்கள். அது அணைந்தால் மற்ற ஸ்மார்ட் சாமான் எல்லாம் குருடாகிவிடும்.

கீசர்

முக்கியமான இடம் இது, ஆபத்தான இடமும் இதுதான். நான் முதலில் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். அளவெடுக்க வாங்கிய 16 ஆம்பியர் பிளக் டிவி மூலைக்குப் போய்விட்டது, கீசருக்கென்று மலிவாகக் கிடைத்த 10 ஆம்பியர் பிளக் ஒன்றை ஒரு அடாப்டர் வைத்துச் சொருகினேன். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் இழுப்பது ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு, பத்துக்குள்தானே இருக்கிறது என்று மனக்கணக்கு. நாலாம் நாள் காலையில் பாத்ரூம் வாசலில் பிளாஸ்டிக் கருகும் வாடை. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் ஒரு பின் துளையைச் சுற்றி காபிக்கறை மாதிரி பழுப்பு வளையம், பின்னைத் தொட முடியவில்லை. எழுதியிருக்கும் ஆம்பியரை விளிம்பு வரை, அதுவும் தளர்ந்த அடாப்டர் வழியாக, தினம் இழுத்தால் இப்படித்தான் ஆகும். கீசருக்கு 16 ஆம்பியர் பிளக், சுவரில் இருக்கும் பெரிய சாக்கெட்டில் நேராக, நடுவில் அடாப்டர் கூடாது. சாக்கெட்டே பழசாகித் தளர்ந்திருந்தால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை மாற்றுங்கள். பாத்ரூமுக்குள் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் சாக்கெட் இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

சரி, இப்போது மிச்சத்துக்கு வருவோம். 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற கிட்டத்தட்ட 0.58 யூனிட் வேண்டும், 2000 வாட் கீசர் அதைப் பதினேழு பதினெட்டு நிமிஷத்தில் முடித்துவிடும். எங்கள் வீட்டில் ஐந்தரைக்குப் போட்ட கீசர் ஒன்பது மணி வரை ஓடிக்கொண்டிருக்கும். அப்பாவுக்குச் சித்திரை வெயிலிலும் வெந்நீர்தான், ஆனால் அவர் குளிப்பது ஆறு மணிக்கு. அதற்கப்புறம் மூன்று மணி நேரம் ஆறிய தண்ணீரை அது திரும்பத் திரும்பக் காய்ச்சிக்கொண்டிருந்தது. இப்போது 5:40க்கு ஆன், 6:05க்கு ஆஃப். வேறு யாருக்காவது வேண்டுமென்றால் பிளக்கின் மேலேயே இருக்கும் பொத்தானை அமுக்கலாம், அமுக்கி இருபது நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும்படி ஒரு கவுண்ட்டவுனும் போட்டிருக்கிறேன். கீசரின் குமிழை 60லிருந்து 50க்குக் குறைத்ததும் சேர்த்து தினம் 0.3 யூனிட் மிச்சம். அப்பாவுக்குச் சூட்டில் வித்தியாசம் தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை.

இந்தப் பொத்தான் விஷயம் முக்கியம். ஆரம்பத்தில் எல்லாம் செல்போன் ஆப்பில்தான் என்று பெருமையாக வைத்திருந்தேன். ஒரு நாள் இன்டர்நெட் போனது. "ஏன்டா, நெட் இல்லேன்னா இந்த வீட்ல குளிக்கக் கூட முடியாதா?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டில் உள்ள மூத்தவருக்குக் கையால் இயக்கத் தெரியாத எதையும் வைக்காதீர்கள். டைமர் பிளக்குக்குள்ளேயே பதிந்திருக்கிறதா என்பதையும் சோதித்துவிடுங்கள்: ரவுட்டரை அணைத்துவிட்டு டைமர் நேரத்துக்குக் காத்திருந்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று, நம் ஊருக்கென்றே உள்ளது. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் பிளக் என்ன செய்ய வேண்டும் என்று ஆப்பில் ஒரு செட்டிங் இருக்கும். பழைய நிலைக்கே திரும்பு என்று அது இருந்தால், கீசர் ஓடும்போது போன கரண்ட் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு வந்து, ஆளில்லாத வீட்டில் கீசர் காய ஆரம்பிக்கும். கீசர் பிளக்குக்கு அதை ஆஃப் என்று மாற்றி வையுங்கள்.

ஏசி

உண்மையில் அந்த ஒரு யூனிட்டின் பெரும்பங்கு இங்கேதான் கிடைத்தது. ஆனால் ஏசியை ஸ்மார்ட் பிளக்கால் அணைக்காதீர்கள். கம்ப்ரஸர் ஓடும்போது தடாலென்று கரண்டை வெட்டுவது அதற்கு நல்லதில்லை, பழைய வகை ஏசி கிளம்பும்போது இழுக்கும் கரண்டும் பிளக்கின் ரிலேவை (உள்ளே இருக்கும் சுவிட்சை) தின்றுவிடும். ஏசிக்கு வேண்டியது ரிமோட் மாதிரியே சிக்னல் அனுப்பும் ஐ.ஆர். பிளாஸ்டர் என்ற சின்ன டப்பி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஏசி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்து, ஆப்பில் உங்கள் ஏசியின் பிராண்டைத் தேர்ந்தெடுத்தால் போதும், பழைய ஏசியும் டைமர் கேட்கும். ஒரு குறை: அது சொல்லும், கேட்காது. ஏசி உண்மையில் ஓடுகிறதா என்று அதற்குத் தெரியாது. குறுக்கே திரைச்சீலை ஆடினால் சிக்னல் போகாமலே "அனுப்பிவிட்டேன்" என்று ஆப் சாதிக்கும்.

ஏசி எவ்வளவு குடிக்கிறது என்று அளக்கவும் பிளக் தேவையில்லை. ராத்திரி பத்து மணிக்கும் காலை ஆறுக்கும் வாசல் மீட்டரை செல்போனில் படம் எடுத்து, ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்கும் கொஞ்சம் கழித்துவிட்டால் போதும். எங்கள் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி 22 டிகிரியில் ராத்திரிக்கு நாலரை யூனிட். ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு சதவீதம் வரை மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது, ஸ்டார் முத்திரை போட்ட ஏசிகள் 2020 ஜனவரியிலிருந்து 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. ஆனால் வீட்டில் யார் 24இல் விடுகிறார்கள்? வெளியே இருந்து வேர்க்க விறுவிறுக்க வந்ததும் 18ஐ அமுக்குவதுதான் எல்லோர் வழக்கமும், 18இல் வைத்தால் சீக்கிரம் குளிராது, நிற்காமல் ஓடும் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

முதல் நாள் நான் பேராசைப்பட்டேன். 11க்கு 24, ஒரு மணிக்கு 27, மூன்று மணிக்கு ஆஃப். மூன்றேகாலுக்கு அம்மா எழுந்து வந்து, "யார்ரா ஏசிய நிறுத்தினது?" என்று கேட்டதோடு அந்தத் திட்டம் செத்தது. மறுநாளிலிருந்து அரை மணி, ஒரு டிகிரி என்று நகர்த்தி நகர்த்தி, கடைசியில் நின்ற இடம் இது: படுக்கும்போது 24, ஃபேன் இரண்டில். பன்னிரண்டரைக்கு 25. இரண்டரைக்கு 26. ஐந்து மணிக்கு ஆஃப், ஃபேன் மட்டும் ஓடும். அறை குளிர்ந்திருப்பதால் ஆறரை வரை யாருக்கும் புழுங்கவில்லை. நாலரை யூனிட் 3.7க்கு இறங்கியது. குடும்பத்தைத் தூக்கத்தில் ஏமாற்றுவது என்றுகூட இதைச் சொல்லலாம், ஆனால் யாரும் எழுந்து வரவில்லை என்பதே எனக்குச் சான்றிதழ்.

கதவுக்கு ஒட்டும் காந்த சென்சார் ஒன்றும் வாங்கினேன், கதவு ஐந்து நிமிஷம் திறந்தே கிடந்தால் ஏசி அணைந்துவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பிரயோஜனம்.

எதை வாங்க வேண்டாம்

கலர் மாறும் ஸ்மார்ட் பல்பு. ஒன்பது வாட் எல்.இ.டி.யில் பிடிக்க என்ன இருக்கிறது? போதாததற்கு, அணைந்திருக்கும்போதும் உங்கள் கட்டளைக்காகக் காத்திருந்து அது கொஞ்சம் கரண்ட் குடிக்கும். ஸ்மார்ட் பிளக்குக்கும் இதே வியாதி உண்டு. ஒவ்வொன்றும் ஒரு வாட் என்று வைத்தாலும் பத்து பிளக் இரண்டு மாதத்தில் பதினான்கு யூனிட்டுக்கு மேல் தின்னும். எங்கள் வீட்டில் நிரந்தரமாக இருப்பது இரண்டு பிளக், ஒரு பிளாஸ்டர், ஒரு கதவு சென்சார், அவ்வளவே. மைக்ரோவேவுக்கும் வாஷிங் மெஷினுக்கும் சுவர் சுவிட்ச் இருக்கிறது, அணைக்க அப்பா இருக்கிறார்.

அதற்குப் பதிலாக அந்தக் காசை ஃபேனில் போடுங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த) ஃபேன் முழு வேகத்தில் 30 வாட் சுற்றி. தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் ஹால் ஃபேன் ஒன்றை மாற்றினாலே அரை யூனிட்டுக்கு மேல் மிச்சம், இதற்கு வைஃபை, ஆப் எதுவும் வேண்டாம். மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை வழியிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள், இந்த ஃபேன் அதோடு ஒத்துப்போகாது. மூன்றாயிரம் ரூபாய் சொச்சம்தான் ஆகும், நான்தான் இதைக் கடைசியில் செய்தேன், முதலில் செய்திருக்க வேண்டும்.

மாடித் தொட்டி மோட்டார் பற்றியும் கேட்பார்கள். ஒரு எச்.பி. மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும், தொட்டி வழிந்து தெருவில் ஓடும் ஒவ்வொரு கால் மணிக்கும் கால் யூனிட் போச்சு, தண்ணீரும் போச்சு. இங்கேயும் ஸ்மார்ட் பிளக் கூடாது, மோட்டார் கிளம்பும் இழுப்பை அது தாங்காது. ஸ்டார்ட்டரோடு சேர்த்து மாட்டும் வாட்டர் லெவல் கன்ட்ரோலரை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபேன் மாற்றுவதற்கு முன்பே, அதாவது ஏசி, கீசர், டிவி மூலை இந்த மூன்றை மட்டும் வைத்தே, தினம் 1.35 யூனிட் குறைந்தது. அடுத்த கோடையில் ரீடிங் எடுத்தபோது 483. மேலே சொன்ன கட்டண அட்டைப்படி 1,623 ரூபாய், முந்தின கோடையைவிட 807 குறைவு. வாங்கிய சாமானுக்குக் கொடுத்த காசு சில கோடை பில்லில் திரும்பிவிடும்.

இன்வெர்ட்டரின் 18 வாட்டுக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. பேட்டரிக்கு வயது ஆறு, அதுதான் சார்ஜ் ஏறி முடிக்காமல் இழுத்துக்கொண்டே இருக்கிறதோ என்று சந்தேகம். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை மறுபடி ஒரு நாள் முழுக்கப் பிளக்கில் போட்டுப் பார்க்கப் போகிறேன், கரண்ட் போகாமல் இருந்தால்.